இன்டீரியர் படிப்பு: சேருவதற்கு முன்னும் சேர்ந்த பின்னும்

பத்தடிக்குப் பன்னிரண்டடி படுக்கையறை ஒன்றில், பன்னிரண்டடிச் சுவரை ஒட்டி இரண்டடி ஆழத்தில் அலமாரி செய்துவிட்டு, ஆறடி அகலக் கட்டிலை மிச்சமுள்ள இடத்தின் நடுவில் போட்டால், கட்டிலின் இருபுறமும் ஒவ்வோர் அடிதான் மிஞ்சும். அலமாரிக் கதவின் அகலம் ஒன்றரை அடி என்றால், அது பாதி திறப்பதற்குள் மெத்தையில் இடித்து நின்றுவிடும். கட்டிலை எதிர்ச்சுவரோடு ஒட்டித் தள்ளினால் கதவு முழுதாகத் திறக்கும். ஆனால் சுவரோரம் படுப்பவர் நள்ளிரவில் எழுந்தால் பக்கத்தில் படுத்திருப்பவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். தள்ளு கதவு வைக்கலாம் என்றால், ஒரு நேரத்தில் அலமாரியின் பாதியைத்தான் திறக்க முடியும். கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதற்காக ஆழமும் மூன்று நான்கு அங்குலம் கூடிவிடும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகரும் இந்தக் கணக்கைத்தான் இன்டீரியர் படிப்பில் நான்கைந்து ஆண்டுகள் உட்கார்ந்து படிக்கிறோம். சுவருக்கு என்ன நிறம் என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

இதைச் சொல்லித் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 'எனக்கு வீட்டை அழகாக வைக்கப் பிடிக்கும்' என்ற ஒரே காரணத்தோடு சேரும் மாணவர்களில் பலர் இரண்டாம் ஆண்டில் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். அந்த விருப்பம் தவறானதல்ல, போதாது, அவ்வளவுதான். உள்ளலங்காரம் என்பது ஏற்கெனவே இருக்கும் அறைக்குள் பொருள்களையும் நிறங்களையும் தேர்ந்தெடுப்பது. உள்ளரங்க வடிவமைப்பு அந்த அறையின் பயன்பாடு, மரவேலை, விளக்கு, மின்னிணைப்பு, தரை, கூரை ஆகிய அனைத்தையும் சேர்த்துத் திட்டமிடுவது. உள்ளரங்கக் கட்டடக்கலை இன்னும் ஒரு படி மேலே சென்று, நிற்கும் கட்டடத்தின் சுவரையும் மாடிப்படியையும் வாசலையும்கூட மாற்றி, பழைய கூட்டுக்குள் புதிய வாழ்க்கையை அமைத்துத் தருவது. மூன்றுக்கும் இடையே கறாரான வேலி இல்லை. கல்லூரிகள் பெயர்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன. ஆகவே பட்டத்தின் பெயரைவிடப் பாடத்திட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே முக்கியம்.

மூன்றாவது வகைக்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு பாரிஸில் 1928 முதல் 1932 வரை கட்டப்பட்ட 'மேசோன் தெ வேர்' என்னும் கண்ணாடி வீடு. ஒரு மருத்துவர் பழைய கட்டடம் ஒன்றை வாங்கி இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட நினைத்தார். மேல்மாடியில் குடியிருந்த முதிய பெண்மணி காலி செய்ய மறுத்துவிட்டார். அடிப்படையில் அறைகலன் வடிவமைப்பாளரான பியேர் ஷாரோ, மேல்மாடியை அப்படியே விட்டுவிட்டு, எஃகுத் தூண்களால் அதைத் தாங்கிப் பிடித்து, அதன் கீழிருந்த தளங்களை அகற்றி, அந்த வெற்றிடத்துக்குள் கண்ணாடிக் கட்டிகளால் முகப்பு வைத்த புதிய வீட்டையும் மருத்துவமனையையும் நுழைத்தார். ஒரு குடித்தனக்காரர் வீட்டைவிட்டுப் போக மறுத்ததிலிருந்து பிறந்த கட்டடம் அது. தடையை வடிவமாக மாற்றும் இந்தத் திறமைதான் இப்படிப்பின் சாரம்.

நமக்கு அருகிலேயே இன்னொன்று இருக்கிறது. கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாகத் தன்வசமாக்கி, இடைச்சுவர்களைத் திறந்து, சிறு முற்றங்களையும் வெளிச்சக் கிணறுகளையும் வைத்து ஒரே வீடாக்கினார். கொழும்பு செல்லும் வாய்ப்புள்ள மாணவர்கள் முன்பதிவு செய்து அதைப் பார்க்கலாம்.

எந்தப் பட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

இந்தியாவில் இத்துறைக்குள் நுழைய நடைமுறையில் மூன்று வாசல்கள் இருக்கின்றன. முதலாவது, ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் பட்டமான பி.ஆர்க். படித்துவிட்டுப் பின்னர் உள்ளரங்கத்தில் கவனம் செலுத்துவது. இரண்டாவது, உள்ளரங்க வடிவமைப்பையே முதன்மைப் பாடமாகக் கொண்ட பி.டெஸ். போன்ற இளநிலைப் பட்டம். இது பெரும்பாலும் நான்காண்டுகள். மூன்றாவது, கலை அறிவியல் கல்லூரிகளில் உள்ள மூன்றாண்டு பி.எஸ்சி. அல்லது டிப்ளமோ.

இவற்றுக்கிடையே உள்ள முக்கியமான வேறுபாடு சட்டம் சார்ந்தது. பெற்றோர் பலர் இதைச் சேர்க்கைக்குப் பிறகுதான் அறிகிறார்கள். 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட தகுதி பெற்று கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர் மட்டுமே தம்மை 'ஆர்க்கிடெக்ட்' என்று அழைத்துக்கொள்ள முடியும். அந்தச் சட்டம் காப்பது பட்டப்பெயரை மட்டுமே, தொழிலையே மற்றவர்களுக்கு அது தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் விளக்கியது. உள்ளரங்க வடிவமைப்பாளருக்கு இத்தகைய பதிவுச் சட்டம் இந்தியாவில் இல்லை. 1972இல் தொடங்கப்பட்ட இந்திய உள்ளரங்க வடிவமைப்பாளர் நிறுவனம், அதாவது ஐ.ஐ.ஐ.டி., ஒரு தொழில்முறை அமைப்பு. உறுப்பினராவது நன்மை தரும், ஆனால் அது உரிமம் அன்று. இதன் விளைவாக, நான்காண்டு படித்தவரும் ஆறு மாத வகுப்புக்குச் சென்றவரும் சந்தையில் ஒரே பெயரில் நிற்கிறார்கள். உங்களைப் பிரித்துக் காட்டப்போவது சான்றிதழ் அல்ல, வரைபடத்தின் தரமும் களத்தில் உங்கள் சொல்லுக்குக் கிடைக்கும் மரியாதையும்தான்.

என் கருத்தைக் கேட்டால், கட்டடத்தையே வரைய வேண்டும் என்ற ஆசை சிறிதளவேனும் இருப்பவர் பி.ஆர்க். படிப்பதே நல்லது, அங்கிருந்து உள்ளரங்கத்துக்கு வருவது எளிது, மறுதிசையில் செல்வது கடினம். பி.ஆர்க். இல்லாமல் முதுநிலைப் பட்டமான எம்.ஆர்க். சேர முடியாது. மாறாக, மேசை நாற்காலியின் மூட்டும், மரத்தின் ரேகையும், கைப்பிடி உள்ளங்கையில் உட்காரும் விதமும் உங்களை ஈர்க்கின்றன என்றால், ஐந்தாண்டைக் கட்டுமானக் கணக்குகளில் செலவிடத் தேவையில்லை. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அறைகலனும் உள்ளரங்கமும் சேர்ந்து ஒரே துறையாக இருப்பது தற்செயலன்று. அதே ஊரில், கட்டடக்கலைஞர் பி.வி. தோஷி 1962இல் தொடங்கிய கட்டடக்கலைப் பள்ளியிலிருந்து வளர்ந்த செப்ட் நிறுவனத்தில் 1991இல் உள்ளரங்க வடிவமைப்புக்கெனத் தனிப்பள்ளி உருவானது. நாட்டில் இத்துறை தன் காலில் நின்றதற்கு அது ஒரு முக்கியமான அடையாளம்.

நுழைவுத் தேர்வுகளில் குழப்பம் அதிகம். பி.ஆர்க். படிப்புக்குக் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் நடத்தும் நாட்டா தேர்வோ, ஜே.இ.இ. முதன்மைத் தேர்வின் இரண்டாம் தாளோ வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும். தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு முதல்நிலை, முதன்மை என இரண்டு கட்டங்கள் கொண்ட டி.ஏ.டி. தேர்வு உண்டு. ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் யூசீட் தேர்வு ஐ.ஐ.டி.களின் பி.டெஸ். படிப்புகளுக்கானது, அங்கு உள்ளரங்கம் தனிப்பாடமாக இல்லையென்றாலும் வேறு சில கல்லூரிகள் அந்த மதிப்பெண்ணை ஏற்கின்றன. வடிவமைப்புத் தேர்வுகளை எந்தப் பிரிவு மாணவரும் எழுதலாம்; வணிகவியல் படித்தவர் என்பதற்காக ஒதுங்க வேண்டியதில்லை. தகுதி விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன என்பதால், பயிற்சி மையத்தின் துண்டறிக்கையை நம்பாமல் அந்தந்த ஆண்டின் அதிகாரபூர்வக் கையேட்டைப் படியுங்கள்.

கல்லூரியை நேரில் பார்க்கும்போது

முகப்புக் கட்டடத்தையும் குளிரூட்டிய கணினி அறையையும் காட்டுவார்கள். நீங்கள் பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். மரவேலைப் பட்டறையில் தூள் இருக்கிறதா, ரம்பத்தின் பல்லில் துரு ஏறியிருக்கிறதா, மாணவர் அரைகுறையாகச் செய்து வைத்த நாற்காலி ஏதாவது மூலையில் கிடக்கிறதா என்று பாருங்கள். சுத்தமாகத் துடைத்துப் பூட்டி வைத்த பட்டறை நல்ல அறிகுறியன்று. அடுத்ததாக, பொருள் மாதிரிகள் வைத்திருக்கும் அறையைக் கேளுங்கள். ஒட்டுப்பலகை, லாமினேட், வெனீர், கல், துணி, கீல், இழுவறைச் சட்டம் ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்க முடிகிறதா என்று கவனியுங்கள். மூன்றாவதாக, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் அவருடைய வரைபடத்தாள்களைக் காட்டச் சொல்லுங்கள். முப்பரிமாணப் படங்கள் மட்டும் பளபளப்பாக இருந்து, ஓர் அலமாரியைக் குறுக்கே வெட்டி உள்ளமைப்பைக் காட்டும் வெட்டுமுகத்தைக் கேட்டால் இல்லையென்றால், அங்கே படம் வரையக் கற்றுக்கொடுக்கிறார்கள், பொருள் செய்யக் கற்றுக்கொடுக்கவில்லை.

ஆசிரியர்களில் எத்தனை பேர் வெளியில் தொழிலும் செய்கிறார்கள் என்று கேட்பதில் தவறில்லை. மாணவர் வேலையை மதிப்பிடும் இறுதி ஜூரியைப் பார்வையாளராக அமர்ந்து பார்க்க அனுமதிப்பார்களா என்றும் கேளுங்கள். ஒரு பகல் அங்கே உட்கார்ந்தால் நான்காண்டின் தன்மை விளங்கிவிடும். கட்டணத்தோடு சேர்த்து, தாள், அச்சு, மாதிரி செய்யும் அட்டை, பசை, களப்பயணம், கணினி ஆகியவற்றுக்கான செலவையும் மேல்வகுப்பு மாணவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல குடும்பங்களை அந்தச் சில்லறைச் செலவுதான் அசைக்கிறது.

அளவெடுக்கக் கற்பது

முதலாண்டில் செய்யும் பயிற்சிகளில் எதை விட்டாலும் அளவெடுப்பதை விடாதீர்கள் என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த செய்தி. ஐந்து மீட்டர் டேப் ஒன்றை வாங்கிப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கைக்கு முந்தைய விடுமுறையிலேயே உங்கள் வீட்டுக் கூடத்தில் தொடங்கலாம்.

முதலில் அறையின் தரைப்படத்தைத் தாளில் கையால், அளவு இல்லாமல், பெரிதாக வரையுங்கள். பிறகு ஒரு மூலையில் டேப்பை வைத்து, அதை எடுக்காமலேயே அந்தச் சுவரில் வரும் தூண், சன்னல் விளிம்பு, கதவு நிலை, சுவரின் முடிவு என அனைத்தையும் தொடர் எண்களாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக அளந்து கூட்டினால், ஒவ்வொன்றிலும் நேரும் சிறு பிழை சேர்ந்து இறுதியில் ஓர் அங்குலம் காணாமல் போயிருக்கும். நான்கு சுவரும் முடிந்ததும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இவை சமமாக இல்லையென்றால் அறை சதுரத்தில் இல்லை, அதாவது மூலைகள் செங்கோணத்தில் இல்லை. நம் வீடுகளில் பெரும்பாலானவை இல்லை. எதிரெதிர் சுவர்களின் நீளமும் ஒத்துப்போகாது. பூச்சு ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெலிதாகவும் இருக்கும். இந்தக் கோணலைத் தாளில் நேராக்கி வரைந்துவிட்டால், பட்டறையில் சரியான செங்கோணத்தில் செய்த அலமாரி சுவரோடு பொருந்தாமல் ஒருபுறம் இடைவெளி காட்டும்.

அடுத்து உயரங்கள். தரையிலிருந்து சன்னலின் அடிவிளிம்பு, மேல்விளிம்பு, பீமின் அடிப்பகுதி, கூரை ஆகியவற்றை அளந்துகொள்ளுங்கள். பீமைக் குறிக்க மறக்கும் மாணவர்கள் பலர். பிறகு கூரை வரை வரைந்த அலமாரி பீமில் முட்டும். மின் சுவிட்சுப் பெட்டி, பிளக், குளிரூட்டியின் குழாய் வெளியேறும் துளை, தண்ணீர்க் குழாய், கழிவுநீர்த் துளை என ஒவ்வொன்றும் மூலையிலிருந்து எவ்வளவு தூரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று குறிக்கப்பட வேண்டும். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க, கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலைவிட எளிய கருவி இல்லை. வீட்டுக்கு வந்து 1:50 அளவில், அதாவது ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கி, சுத்தமாக வரையும்போது எந்த எண் விட்டுப்போனது என்பது தெரிய வரும். அப்போது மறுபடியும் போய் அளப்பதே பயிற்சி.

அளவில் இரண்டு மொழிகள் உண்டு என்பதையும் பழகிக்கொள்ளுங்கள். கல்லூரியில் எல்லாம் மில்லிமீட்டர். களத்தில் ஆசாரி அடியும் அங்குலமும் நூலும் பேசுவார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர். 'ரெண்டு நூல் தேய்ச்சா உக்காந்துடும்' என்று அவர் சொல்லும்போது உங்கள் மனத்தில் ஆறு மில்லிமீட்டர் என்று ஓட வேண்டும். இந்த மொழிபெயர்ப்பை எந்தப் பாடத்திட்டத்திலும் நான் கண்டதில்லை. நான் பயிற்சியில் இருந்த முதல் மாதத்தில், ஓர் இழுவறையின் வெளியளவை உள்ளளவாகக் கொடுத்து, செய்து முடித்த ஆறு இழுவறைகள் சட்டத்துக்குள் நுழையாமல் நின்றதற்கு நானே காரணம். அன்றிலிருந்து ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் அது உள்ளளவா வெளியளவா என்று எழுதாமல் தாளைக் கொடுப்பதில்லை.

அளந்து பார்க்கச் சிறந்த இடங்கள் தமிழ்நாட்டில் நிறைய உள்ளன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், செட்டிநாட்டு வணிகர் வீடும் அக்கிரகார வீடும் நெசவாளர் வீடும் ஒரே வளாகத்தில் நிற்கின்றன. மூன்றின் திண்ணையையும் அளந்து ஒப்பிடுங்கள். யார் எவ்வளவு நேரம் அங்கே உட்காரலாம் என்பதை அதன் அகலமே சொல்லிவிடும். தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையில், மரச்சட்டங்களின் வழியே ஒளி எப்படிச் சன்னமாக உள்ளே வருகிறது என்பதைக் காலையிலும் பிற்பகலிலும் இருந்து பாருங்கள். காரைக்குடிப் பக்கம் செல்பவர்கள் ஆத்தங்குடியில் தரை ஓடு செய்வதைப் பார்க்க வேண்டும்: கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டுக் கூழை ஊற்றி, பின்புறம் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊற வைத்து எடுக்கும்போது கண்ணாடியின் வழவழப்பே ஓட்டின் முகத்துக்கு வந்துவிடுகிறது.

உடலும் பொருளும்

பாடப்புத்தகங்களில் உள்ள மனித உடல் அளவுகள் பல, வேறு நாட்டு உடல்களை வைத்து எழுதப்பட்டவை. அவற்றை மனப்பாடம் செய்யுங்கள், ஆனால் வீட்டில் சரிபாருங்கள். சமையல் மேடை 850 மில்லிமீட்டர் என்று புத்தகம் சொல்லும். ஐந்தடிக்கும் குறைவான உயரமுள்ள உங்கள் பாட்டி அதன் மேல் அடுப்பும், அடுப்பின் மேல் பெரிய குக்கரும் வைத்தால், குழம்பைக் கிளற முழங்கையைத் தோளுக்கு உயர்த்த வேண்டியிருக்கும். நின்ற நிலையில் முழங்கையை மடக்கி, அதற்கு நான்கு அங்குலம் கீழே மேடை இருந்தால் நறுக்குவதற்கு வசதி. மாவு பிசைய இன்னும் தாழ்வாக வேண்டும். பாத்திரம் துலக்கும் தொட்டிக்கோ கை அடியாழம் வரை செல்வதால் விளிம்பு சற்று உயரமாக வேண்டும். ஒரே உயரத்தில் ஓடும் மேடை, கல்லுக்கு வசதியானது, இடுப்புக்கு அல்ல. வெட்கிரைண்டரின் கல்லைத் தூக்கும் வேலை இருப்பதால், அதற்கான இடம் மேடையிலிருந்து தாழ்த்தப்பட வேண்டும் என்பதையும் அந்தப் புத்தகம் சொல்லாது.

அலமாரியின் ஆழம் ஏன் 600 மில்லிமீட்டர் என்று கேளுங்கள். தொங்கும் சட்டையின் தோளகலத்தோடு சிறிது இடைவெளியும் கதவின் கனமும் சேர்ந்த கணக்கு அது. புடவைகளை மடித்து அடுக்கும் வீட்டுக்கு அந்த ஆழம் அதிகம்; பின்வரிசையில் வைத்த புடவை தீபாவளிக்குத்தான் வெளியே வரும். சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 1500 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம் வேண்டும் என்பதை முதலாண்டிலேயே கையில் பழக்கிக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்த பிறகு பொதுக் கட்டடங்களில் இது சலுகையாக அல்ல, கடமையாகவே ஆகிவிட்டது.

பொருளறிவு கடைத்தெருவில்தான் வரும். ஒட்டுப்பலகை எட்டடிக்கு நான்கடித் தாளாக வருகிறது. உங்கள் அலமாரியின் பக்கப்பலகை எட்டடி இரண்டங்குலம் என்று வரைந்தால், அந்த இரண்டங்குலத்துக்காக இன்னொரு தாளை அறுக்க நேரும். வரைந்த ஒவ்வோர் அறைகலனுக்கும், எத்தனை தாள் வேண்டும், எப்படி அறுத்தால் கழிவு குறையும் என்ற வெட்டுப்படத்தையும் சேர்த்து வரையும் பழக்கம் உங்களை மற்ற மாணவரிலிருந்து உடனே பிரித்துக் காட்டும். ஐ.எஸ். 303 முத்திரை பொதுப் பயன்பாட்டுப் பலகைக்கு, ஐ.எஸ். 710 தண்ணீரைத் தாங்கும் கடல்சார் தரத்துக்கு. சமையலறைத் தொட்டியின் கீழ் முதலாவதைப் போட்டால் என்ன ஆகும் என்பதை எந்த ஆசாரியும் கதையாகச் சொல்வார். அவரிடம் கேளுங்கள். டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால் இன்னும் விரிவாகச் சொல்வார். மரக்கடையில் பலகையின் ஓரத்தைப் பார்த்து அடுக்குகளுக்கிடையே ஓட்டை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரே பிற்பகல் போதும்.

ஒளியைக் கற்பதற்குத் துணிக்கடைதான் நல்ல பள்ளி. புடவையை வாங்குபவர் அதை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பது ஏன் என்று யோசித்தால், நிறத்தைத் துல்லியமாகக் காட்டும் திறன் எல்லா விளக்குக்கும் ஒன்றல்ல என்பது புரியும். ஒளியின் நிறச்சாயலும் மாறும், அதைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள்: 2700 கெல்வின் விளக்கு இளமஞ்சள், 4000 நடுத்தரம், நம் வீட்டுக் கூடங்களில் எரியும் 6500 நீலம் கலந்த வெண்மை. ஒரே சுவரில் மூன்றையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்துக் குறிப்பெழுதுங்கள்.

ஸ்டூடியோவும் ஜூரியும்

பாடங்கள் பல இருந்தாலும் வாரத்தின் பெரும்பகுதி நேரத்தையும் மதிப்பெண்ணையும் விழுங்குவது டிசைன் ஸ்டூடியோ. ஒரு மருந்தகம், ஒரு சிறு நூலகம், ஒரு டிபன் கடை என ஏதாவது ஒன்றைக் கொடுத்து வடிவமைக்கச் சொல்வார்கள். முதல் வாரத்தில் யாரும் எதையும் வரையாமல் இணையத்தில் படம் தேடுவது வழக்கம். அந்த வாரத்தை நீங்கள் உண்மையான டிபன் கடையில் செலவிடுங்கள். கல்லாவில் இருப்பவரின் கண்ணுக்கு எந்த மேசைகள் தெரிகின்றன, எச்சில் தட்டு எந்த வழியே போகிறது, அது சாம்பார் வாளி வரும் வழியைக் குறுக்கிடுகிறதா, கை கழுவும் இடத்தில் வரிசை நின்றால் யாருடைய முதுகில் இடிக்கிறது என்று ஒரு மணி நேரம் கவனித்து எழுதினால், உங்கள் திட்டத்தில் பாதி முடிந்துவிட்டது.

ஜூரி என்பது உங்கள் வேலையைச் சுவரில் ஒட்டி, சில ஆசிரியர்களும் வெளியிலிருந்து வந்த வல்லுநரும் கேள்வி கேட்கும் நிகழ்ச்சி. முந்தைய இரவு விழித்திருந்து வருவதைப் பெருமையாக நினைக்கும் பழக்கம் இத்துறையில் உண்டு. தூக்கமில்லாதவர் தம் திட்டத்தின் நல்ல பகுதியையே சொல்ல மறப்பதைத்தான் நான் மிகுதியாகப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் முன்பே வரைவதை நிறுத்திவிட்டு, தாள்களை ஒட்டும் வரிசையைச் சரிபாருங்கள். பேச்சைத் தொடங்கும்போது 'என் கருத்தாக்கம் ஒரு தாமரை' என்று தொடங்காதீர்கள். இங்கே யார் வருகிறார்கள், அவர்களுக்கு என்ன இடைஞ்சல், அதற்கு நான் செய்த மாற்றம் என்ன என்று தொடங்குங்கள். விமர்சனத்தை நண்பர் ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். நிற்கும்போது உங்கள் காதில் பாதிதான் விழும். வேலையை வெட்டிப் பேசுவதையும் ஆளை வெட்டிப் பேசுவதையும் பிரித்தறிந்து, இரண்டாவதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மென்பொருள் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், பிறகு ரெவிட், படத்தைச் செப்பனிட ஃபோட்டோஷாப் என்பது பொதுவான வரிசை. ஆட்டோடெஸ்க் நிறுவனம் தன் மென்பொருளை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வகையில் இலவசமாகத் தருகிறது. முப்பரிமாணப் படங்களுக்கான பிளெண்டர் எல்லோருக்கும் இலவசம். திருட்டுப் பிரதிகளால் கணினியில் ஏறும் வைரஸ் சப்மிஷனுக்கு முந்தைய நாள்தான் வேலையைக் காட்டும். கையால் வரையும் திறன் வருவதற்கு முன் கணினிக்குள் போகாதீர்கள். திரையில் எதையும் பெரிதாக்கிப் பார்க்க முடிவதால் அளவுணர்வு கெட்டுவிடுகிறது.

பயிற்சிக் காலமும் இறுதித் திட்டமும்

பயிற்சிக்குப் பெரிய அலுவலகம் வேண்டும் என்று எல்லோரும் விரும்புகிறார்கள். அங்கே ஆறு மாதமும் கழிவறை ஓடுகளின் வரைபடத்தையே வரைந்து திரும்பியவர்கள் உண்டு. ஐந்தாறு பேர் உள்ள, களத்துக்கு உங்களை அழைத்துச் செல்லும் சிறிய அலுவலகம் கற்பதற்கு மேலானது. விலைப்புள்ளி எப்படிப் போடுகிறார்கள், ஆசாரிக்கு எப்போது எவ்வளவு முன்பணம் தருகிறார்கள், வாடிக்கையாளர் பாதியில் மனம் மாறினால் என்ன செய்கிறார்கள் என்பவற்றை அங்கேதான் பார்க்கலாம். ஊதியம் தருவார்களா என்று முன்பே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வேலை தேடும்போது காட்டும் உங்கள் திட்டங்களின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் பதினைந்து திட்டங்களைத் திணிக்காதீர்கள். நான்கைந்து போதும். ஒவ்வொன்றிலும் அளவெடுத்த குறிப்பேட்டின் பக்கம் ஒன்று, கைவிடப்பட்ட யோசனை ஒன்று, இறுதித் தரைப்படம், ஒரு பகுதியின் 1:5 விவரப்படம் ஆகியவை இருந்தால், வேலைக்கு எடுப்பவருக்கு உங்கள் மூளை வேலை செய்யும் முறை தெரியும். ஆகவே முதலாண்டிலிருந்தே குறிப்பேடுகளைப் பழைய பேப்பர்காரரிடமிருந்து காப்பாற்றி வையுங்கள்.

வெளிநாட்டு மேற்படிப்பை எண்ணுபவர்கள், அங்கே சட்டம் வேறாக இருப்பதை அறிய வேண்டும். ஜெர்மனியில் 'இன்னன்ஆர்க்கிடெக்ட்', அதாவது உள்ளரங்கக் கட்டடக்கலைஞர், என்பது சட்டத்தால் காக்கப்பட்ட பெயர். கட்டடக்கலைஞர் மன்றத்தில் பதிவு செய்தவரே அதைப் பயன்படுத்தலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் என்.சி.ஐ.டி.க்யூ. என்னும் தொழில்முறைத் தேர்வு உண்டு. அங்கு தங்கித் தொழில் செய்யும் எண்ணம் இருந்தால், நீங்கள் சேரும் பட்டம் அந்தப் பதிவுக்கு ஏற்கப்படுமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே எழுதிக் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள்.

இறுதியாண்டுத் திட்டத்துக்குப் பழைய கட்டடம் ஒன்றை எடுத்துப் புதிய பயன்பாட்டுக்கு மாற்றும் கருப்பொருளைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒரு விதியைக் கடைப்பிடிப்பது நல்லது: அந்தக் கட்டடம் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் செல்லக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். மூடிக் கிடக்கும் அரிசி ஆலையோ, பயன்பாடில்லாத திரையரங்கோ, சத்திரமோ எதுவானாலும், குறைந்தது ஐந்தாறு முறை போய் அளக்க நேரும். தீயணைப்பு வழிகளையும் வெளியேறும் கதவுகளையும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016இன் நான்காம் பகுதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திரையரங்கை நூலகமாக்கும் அழகான திட்டங்கள் பல அங்கேதான் விழுகின்றன. எல்லாவற்றுக்கும் முன்னதாக, உரிமையாளரிடமிருந்து எழுத்துபூர்வமான அனுமதியைக் கல்லூரிக் கடிதத்தோடு சென்று பெற்றுவிடுங்கள். வாய்வார்த்தையை நம்பி ஒரு மாதம் வரைந்த பிறகு வாயிற்கதவு பூட்டப்பட்ட மாணவர்களை நான் அறிவேன். ஆகவே இரண்டாவதாக ஒரு கட்டடத்தையும் முதல் வாரத்திலேயே அளந்து, அதன் தரைப்படத்தை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.